அரை ஷிப்டு நின்ற வாரத்தில் முதல் பணம் யாருக்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒருவரிடம் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஒன்றரை ஓடுது" என்றோ "ஒண்ணுதான் ஓடுது" என்றோ பதில் வரும். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு இறங்கினால் ஒரு ஷிப்டு. இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஊர் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பது அந்த அரையில் தெரிந்துவிடும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக உயர்ந்தபோது, செய்திகளில் எல்லாம் ஏற்றுமதியாளர்களின் ஆர்டர் கணக்குதான் வந்தது. வீடுகளுக்குள் இந்த மாதிரி அடி வேறு உருவத்தில் வருகிறது. எடுத்த எடுப்பில் ஆளை நிறுத்த மாட்டார்கள். முதலில் இரவு அரை ஷிப்டு நிற்கும். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் "பீஸ் வரலை, நாளைக்கு வாங்க" என்பார்கள். வேலை இருக்கும், சம்பளம் மட்டும் மெலியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2016 நவம்பரில் கூலி கொடுக்க ரொக்கம் இல்லாதபோதும், 2020 ஊரடங்கிலும் இந்த ஊர் ஏதோ ஒரு வகையில் இதைப் பார்த்திருக்கிறது. பழக்கப்பட்ட ஊர்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வீட்டுக் கணக்கு ஒரே இடத்தில்தான் உடைகிறது.

ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். கணவன் டெய்லர், மனைவிக்குத் தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. கணக்கு எளிதாக இருக்க, இருவருக்கும் ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஓடினால் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 750, ஆறு நாளுக்கு 4,500. சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து 9,000 ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள். மாதத்துக்குச் சுமார் 39,000. செலவுப் பக்கம்: லைன் வீட்டு வாடகை 5,500, சீட்டு 5,000, வாராவாரம் கட்டும் குழுக் கடன் 1,200 வீதம் மாதம் 5,200, தினம் 100 ரூபாய் கட்டும் தண்டல் கடனுக்கு 3,000, மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 10,000, பள்ளிக்கூடமும் வேனும் 3,000. கூட்டினால் 31,700. கையில் 7,300 மிஞ்சும். குடிக்கும் பழக்கம் இல்லாத வீடு என்றால் நன்றாகவே ஓடும்.

அரை ஷிப்டு நின்றது. வாரச் சம்பளம் 6,000. மாதம் 26,000. மிச்சம் 7,300 இருந்த இடத்தில் 5,700 துண்டு விழுகிறது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் யாருக்கும் வேலை போகாததால், இதை நெருக்கடி என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு" என்பார்கள். மூன்று மாதம் வரைகூட அதையே சொல்வார்கள்.

அந்த 5,700 எங்கிருந்து பிடுங்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை பதில் எப்போதும் ஒன்றே. வாசலில் வந்து நிற்பவருக்கு முதல் பணம். போன் செய்பவருக்கு இரண்டாவது. கேட்கவே கேட்காதவருக்குக் கடைசி. தண்டல்காரர் டிவிஎஸ் எக்செல்லில் தினமும் வருகிறார், அவருக்கு 100 போய்விடும். குழுக் கடனில் ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பெண்களும் வீட்டு முன் வந்து உட்காருவார்கள், ஆகவே அதுவும் போய்விடும். காப்பீட்டு பிரீமியத்தை யாரும் வந்து கேட்பதில்லை, அது விடுபடும். பையனின் பள்ளிக்கூடம் இரண்டு மாதம் பொறுக்கும், அது தள்ளிப்போகும். மாத்திரை வாங்குவது நின்றால் பி.பி. சத்தம் போடாது. மானத்துக்கு அஞ்சும் மனிதர்கள் இப்படித்தான் செய்வார்கள், இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்பதற்கும், எந்தக் கடன் அதிகம் தின்கிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை.

தண்டலையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு எழுதிக்கொண்டு 1,500 பிடித்தம் போகக் கையில் 8,500 தருகிறார் என்று வையுங்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பதினஞ்சு பர்சென்ட்டுதானே" என்று தோன்றும். இல்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், 8,500 முழுதாக நம் கையில் 100 நாளும் இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதி, 4,250 ரூபாய்தான் இருக்கிறது. அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்குப் பத்து வட்டிக்கும் மேல். நேரில் "பத்து வட்டி" என்று ஒருவர் சொன்னால் எழுந்து ஓடிவிடுவோம். தினம் நூறு என்றால் வலிக்காது. தமிழ்நாட்டில் 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

வட்டியை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. நம்மிடம் ஏற்கெனவே நல்ல அளவுகோல் இருக்கிறது: நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய். ஒரு வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், இரண்டு வட்டி 24. வங்கி நகைக்கடன் 9 சதவீதம் என்றால் 75 பைசா வட்டி. கிரெடிட் கார்டில் முழுத் தொகையைக் கட்டாமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மிச்சத்துக்கு மூன்று, மூன்றரை வட்டி ஓடும். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கொடுக்கும் சேட்டு வாங்குவதைவிட அது அதிகம். ஏசி போட்ட அலுவலகத்திலிருந்து வருவதால் கந்துவட்டி மாதிரித் தெரிவதில்லை.

இப்போது அந்த வீட்டில் மூன்று பவுன் நகை பெட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகையைத் தொடக்கூடாது, அது பொண்ணுக்கு என்று அந்த அம்மா சொல்வார். அதே நேரம் பத்து வட்டித் தண்டல் ஓடிக்கொண்டிருக்கும். 10,000 ரூபாயை 75 பைசா வட்டிக்கு நகைக்கடனாக 100 நாளுக்கு வாங்கினால் வட்டி ஏறத்தாழ 250 ரூபாய். தண்டலில் அதே 100 நாளுக்கு, அதைவிடக் குறைந்த பணத்துக்கு, 1,500. ஒரு ஜோடித் தோட்டை வங்கியில் வைத்துத் தண்டலை ஒரே நாளில் முடிப்பதுதான் அந்த நகைக்கே பாதுகாப்பு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து மூன்று பவுனும் அடகுக் கடைக்கு இரண்டு வட்டிக்குப் போகும். அடுத்து கைக்கு வரும் முதல் உபரிப் பணத்தை நகைக்கே கட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு இன்னொரு தண்டல் எடுத்தால், பழைய கடன் அப்படியே இருக்க, அதன் மேல் புதியது ஏறும்.

நகைக்கடனில் கண் வைக்க வேண்டிய இடம் வட்டி விகிதம் அல்ல, கெடு தேதி. ஓராண்டில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடனாகத்தான் பெரும்பாலும் தருகிறார்கள். கெடு வரும்போது வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க விடுவார்களா, முழுப் பணத்தையும் கட்டி நகையை மீட்ட பிறகுதான் மறுபடி வைக்க வேண்டுமா என்பதை, வைக்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முழுப் பணமும் வேண்டும் என்றால், அந்த ஒரு நாள் பணத்துக்காக வங்கி வாசலிலிருந்து நேராக மீட்டர் வட்டிக்காரரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. முழுக் கடனையும் கட்டிய பிறகு 7 வேலை நாளுக்குள் நகையைத் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் ஈடு. தங்கம் விலை ஏறியது, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கலாம் என்று வங்கியிலேயே சொல்வார்கள். விலை ஏறினால் கடன் வாங்கும் தகுதிதான் ஏறுகிறது. சனிக்கிழமை சம்பளம் ஏறுவதில்லை.

(தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்த நகைக்கடன் தள்ளுபடியானது உண்மை. நிபந்தனைகளில் கழன்றுபோனவர்களும் ஏராளம். அதை நம்பி வட்டி கட்டாமல் விட்டவர்களின் கணக்கை யாரும் எடுக்கவில்லை.)

சீட்டு கொஞ்சம் சிக்கலான விஷயம். நல்ல காலத்தில் இதைவிடச் சிறந்த சேமிப்பு நம் மக்களுக்கு வாய்த்ததில்லை என்றே சொல்வேன். மாதம் 5,000 வீதம் 20 பேர், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு. எல்லோருக்கும் பணம் தேவையில்லாத மாதத்தில் ஏலத்தில் 10,000 தள்ளினாலே, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்தாலே, சீட்டு கிடைத்துவிடும். ஆர்டர் நின்ற மாதத்தில் என்ன ஆகிறது? இருபது பேரில் பதினைந்து பேர் அதே ஊர், அதே தொழில். எல்லார் வீட்டிலும் ஒரே வாரத்தில் அரை ஷிப்டு நின்றிருக்கிறது. எல்லாரும் ஏலத்தில் கேட்கிறார்கள். தள்ளு 25,000, 30,000 என்று ஏறுகிறது. ஒரு லட்சத்துச் சீட்டை 70,000-க்கு எடுத்துவிட்டு மிச்ச மாதங்கள் முழுக்கக் கட்ட வேண்டும். ஒருவருக்கு வந்த கஷ்டத்தை மற்றவர்கள் தாங்குவதற்குச் சீட்டு அருமையான ஏற்பாடு, எல்லோருக்கும் சேர்ந்து வரும் கஷ்டத்தை அதனால் தாங்க முடியாது. ஒரே தொழிலை நம்பும் ஊர்களான சிவகாசிக்கும், கரூருக்கும், தூத்துக்குடிக் கடலோரத்துக்கும் இதே கணக்குதான்.

அதனால் எடுக்காத சீட்டு இருந்தால், நெருக்கடியின் முதல் இரண்டு மாதம் ஏலத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. தள்ளு அதிகமாகப் போகும்போது எடுக்காதவருக்குத்தான் லாபம், கழிவு கூடுதலாக வந்து மாதத் தவணை குறையும். எடுத்துவிட்ட சீட்டு என்றால் அது கடன், வாடகைக்கு அடுத்த வரிசையில் வைக்க வேண்டியது. பதிவு செய்த சீட்டுதானா என்பது அடுத்த கேள்வி. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவானதென்றால் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தகராறு வந்தால் போய் நிற்கப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. தெருவில் அக்கா நடத்தும் சீட்டுக்கு அக்காதான் சட்டம், அக்காதான் அலுவலகம். அந்த அக்கா வீட்டிலும் அரை ஷிப்டு நின்றிருக்கலாம்.

குழுக் கடனில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, குறுங்கடன் வாங்கிய குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. ஆனால் அந்தப் பாதியைக் கணக்கிட்டது ஒன்றரை ஓடிய வாரத்துச் சம்பளத்தில். தண்டலும் தெருச் சீட்டும் எந்த கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறாததால் அவை கணக்கிலேயே வரவில்லை. தவணை தவறுவதற்கு முன்பே போய், வேலை குறைந்துவிட்டது, கெடுவை நீட்டித் தவணையைக் குறைத்துத் தர முடியுமா என்று கிளையில் எழுதிக் கேட்பவருக்கும், மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

இனி, கேட்காதவர்கள். வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை 436 ரூபாய் போகும் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய் போகும் விபத்துக் காப்பீடும் பல தொழிலாளர்களிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் தலா 2 லட்சம் ரூபாய் காப்பீடு. ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டு, பணம் எடுப்பது மே மாதக் கடைசியில். மே மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, நோட்டுப் புத்தகம், யூனிபார்ம். கணக்கைத் துடைத்து எடுத்திருப்பார்கள். 456 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோகும். குறுஞ்செய்தி ஒன்று வந்திருக்கும், ஆயிரம் விளம்பரங்களுக்கு நடுவே. கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 912 ரூபாய். 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை வாங்கும் வீடு என்றால், ஏப்ரல் மாதத்து ஆயிரத்தை மட்டும் தொடாமல் விட்டாலே போதும்.

இ.எஸ்.ஐ. இருக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்று. வேலை நின்ற மறுநாளே அட்டை செல்லாது என்று நினைத்து, காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா போயிருந்தால், வேலை நின்ற பிறகும் பலன் காலம் ஓடும். அட்டையைக் கிழிக்காமல் டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் 5 லட்சம் வரை உண்டு. நம் கணக்கில் வரும் வீடு அந்த வரம்பைத் தாண்டிவிடும், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கிடைக்கலாம்.

வீட்டுக் கடன் வாங்கிய மாதச் சம்பளக்காரர்களும் கேட்காதவரிடம் ஏமாறுகிறார்கள், வேறு மாதிரி. 7 சதவீதத்தில் 30 லட்சம், 20 ஆண்டு என்றால் தவணை 23,259 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதம் 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. கடன் வட்டியும் அதே அளவு ஏறி 9.5 ஆனால், முதல் மாத வட்டி மட்டுமே 23,750. அதாவது பழைய தவணையைக் கட்டினால் வட்டிகூட அடையாது, அசல் வளரும். அதற்குச் சற்றுக் கீழே நின்ற கடன்களில் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டினார்கள். மாதம் போகும் பணம் மாறாததால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. 2023 ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, தவணையை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், அசல் வளரும்படி விடக் கூடாது என்று உத்தரவிட்டது. வட்டி இறங்கிய பிறகு தவணைக் காலம் பழைய இடத்துக்கு வந்ததா என்று ஸ்டேட்மென்டில் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

அவசரப் பணத்தை எங்கே வைப்பது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்ததால் டெபாசிட் போட்ட யார் பணமும் போகவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் பெரிய தொகை உடனே தேவைப்பட்டவர் என்ன செய்திருப்பார்? ஆகவே இரண்டு வங்கி. ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. ஊரிலிருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும், நிதி நிறுவனங்களுக்கும் அது கிடையாது. துண்டு விழும் காலத்தில்தான் "மாசம் இவ்வளவு வரும்" என்று யாராவது வருவார்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு ஏமாந்தவர்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். தோட்டை வைத்துத் தண்டலை முடித்துவிட்டார்கள். மாதச் செலவில் 3,000 குறைந்து 28,700 ஆகிறது. நகை வட்டி மாதம் 75 ரூபாய், அதைத் தனியாகப் பார்க்கக்கூடத் தேவையில்லை. ஒரு ஷிப்டு மட்டும் ஓடும் மாதத்தில் இப்போது துண்டு 5,700 அல்ல, 2,700. தீபாவளி போனஸ் வந்ததும் ஜவுளிக்கு முன்னால் தோட்டைத் திருப்பிவிடுகிறார்கள். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், ஆண்டுச் சம்பளத்தில் ஏறத்தாழ ஒரு மாதம். கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குப் போகிறவர்களுக்கு அது கையில் வந்தால்தான் உண்டு.

மறுபடி ஒன்றரை ஓடத் தொடங்கும்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரு மூச்சு வரும். புது போன், விட்டுப்போன கல்யாண மொய், பாக்கியெல்லாம் ஒரே வாரத்தில் நினைவுக்கு வரும். அந்த நேரத்தில் இரண்டு மாதம் மட்டும், வாரம் 2,000 ரூபாயைச் சனிக்கிழமை ராத்திரியே அந்த அம்மாவின் இரண்டாவது வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால், ஒன்பது வாரத்தில் 18,000. மாதம் 2,700 துண்டு விழும் வீட்டுக்கு அது ஆறரை மாதம் வரும்.